பனியில் தங்கிச் செல்லும் பாதரசம்

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

முன்னுரை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மாலை என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அலமாரியில் பல ஆண்டுகளாகக் கிடந்த பழைய வெப்பமானியை எடுத்து உதறினேன். அது கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து உடைந்தது. உள்ளே இருந்த பாதரசம் வெள்ளி மணிகளைப் போல் நாலாபுறமும் உருண்டோடிற்று. காய்ச்சலையும் மறந்து தம்பி எழுந்து வந்துவிட்டான். இருவரும் அந்த மணிகளை ஒரு தாளின்மேல் சேர்த்தும் பிரித்தும் விளையாடினோம். அம்மா வந்து எங்களைக் கடிந்துகொண்டு, எஞ்சியவற்றைக் கையாலேயே திரட்டி வாசலுக்கு வெளியே எறிந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் அம்மாவின் பொன் மோதிரம் வெள்ளியைப் போல் வெளுத்துப் போயிருந்தது!

"பொன்னை ரசம் தின்றுவிட்டது" என்றார்கள் பாட்டி. அப்பா மோதிரத்தை எடுத்துக்கொண்டு நகை ஆசாரியிடம் சென்றார்கள். நானும் உடன் சென்றேன். அவர் மோதிரத்தைப் பார்த்ததும் சிரித்தார்; இடுக்கியில் பிடித்து நெருப்பில் வாட்டினார். சிறிது நேரத்தில் மோதிரம் பழையபடி மஞ்சளாயிற்று.

"ரசம் போயிடுச்சு பாப்பா" என்றார்.

"எங்கே போயிற்று?" என்று கேட்டேன்.

"ஆவியாப் போச்சு. அவ்வளவுதான்."

மறுநாள் வகுப்பில் இதை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் சொன்னேன். "ஆவியாகிப் போனது என்றால் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தேடிப் பார்த்து எழுது" என்றார்கள். அந்தத் தேடலே இக்கட்டுரை. தருமபுரியில் ஒரு நகைப் பட்டறையில் தொடங்கிய தேடல், வட துருவத்தின் பனிவெளிக்கு என்னை அழைத்துச் சென்று, இறுதியில் நம் கொடைக்கானலில் கொண்டுவந்து விட்டது. அன்புத் தோழியரே, நீங்களும் என்னுடன் வாருங்கள்.

பாதரசத்தின் இயல்பு

பாதரசம் ஓர் உலோகம். அதன் அணு எண் 80. இரும்பு, செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள் அறை வெப்பநிலையில் திண்மமாக இருக்க, பாதரசம் மட்டும் திரவமாக இருக்கின்றது. சுழியத்திற்குக் கீழே ஏறக்குறைய 39 டிகிரி செல்சியசில்தான் அது உறையும். 357 டிகிரியில் கொதிக்கும். நீரைப்போல் 13.6 மடங்கு அடர்த்தி உடையது. நம் நாட்டுச் சித்தர்களும் இதை நன்கு அறிந்திருந்தார்கள். ரசம் என்றும் சூதம் என்றும் பெயரிட்டு அழைத்தார்கள்.

நாம் கவனிக்க வேண்டிய இயல்பு வேறொன்று. பாதரசம் ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. ஒரு கிண்ணத்து நீர் வெயில் இல்லாமலேயே மெல்ல மெல்ல வற்றுவதுபோல, தரையில் சிந்திய பாதரசமும் அறை வெப்பத்திலேயே சிறிது சிறிதாக ஆவியாகின்றது. அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே அதை நாம் சுவாசிப்பதும் நமக்குத் தெரிவதில்லை. அந்த ஆவி நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து மூளை, நரம்பு, சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்கும்.

இனி வரும் பகுதிகள் எளிதில் விளங்கப் பாதரசத்தின் மூன்று வேடங்களை நினைவில் வைத்துக்கொள்வோம். முதலாவது, ஆவி வேடம். இது நீரில் எளிதில் கரையாது. காற்றில் நெடுந்தூரம் செல்லும். இரண்டாவது, உப்பு வேடம். பாதரச அணு எலக்ட்ரான்களை இழந்து குளோரின், புரோமின் போன்றவற்றோடு சேர்ந்திருப்பது இது. நீரில் கரையும், எதிர்ப்பட்ட பொருளில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, மெத்தில் பாதரசம். சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் உப்புப் பாதரசத்தை இவ்வாறு மாற்றுகின்றன. மூன்றிலும் கொடியது இதுவே. ஏனெனில் இது மீனின் உடலில் சேர்ந்து நம் உணவுத் தட்டுக்கு வருகின்றது.

காற்றில் ஏறும் வழி

எரிமலைகள் இயற்கையாகவே பாதரசத்தைக் காற்றில் விடுகின்றன. ஆனால் இன்று மனிதர் விடுவதே மிகுதி. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018 ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்குப்படி, 2015 ஆம் ஆண்டில் மனிதர் செயல்களால் காற்றில் சேர்ந்த பாதரசம் ஏறக்குறைய 2,200 டன். இதில் முதலிடம் எதற்குத் தெரியுமா? சிறு அளவில் பொன் எடுக்கும் தொழிலுக்கே. மொத்தத்தில் ஏறக்குறைய 38 விழுக்காடு அதனால் வருகின்றது. ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆசியா ஆகிய கண்டங்களில் ஏழைத் தொழிலாளர்கள் பொன் கலந்த மண்ணில் பாதரசத்தைச் சேர்க்கின்றார்கள். பொன் அதில் ஒட்டிக்கொள்கின்றது. பிறகு அதை நெருப்பில் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிவிட, பொன் மட்டும் நிற்கின்றது. என் அம்மாவின் மோதிரத்திற்கு நம் ஊர் ஆசாரி செய்ததும் இதுவே அன்றோ! இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இரண்டாமிடம் நிலக்கரிக்கு. நிலக்கரியில் இயற்கையாகவே மிகச் சிறிதளவு பாதரசம் உண்டு. அனல் மின் நிலையங்களில் டன் கணக்கில் நிலக்கரி எரியும்போது அந்தச் சிறிதளவு பெரிதாகின்றது. நாம் விளக்கு ஏற்றும் மின்சாரத்தின் ஒரு பகுதி இவ்வாறுதான் வருகின்றது என்பதால், இந்தக் கணக்கில் நம் பங்கும் இருக்கின்றது.

ஆலைகள் இல்லாத இடத்தில், பூமியின் வட பாதியில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய ஒன்றரை நானோகிராம் பாதரசம் இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு வெப்பமானியில் ஏறக்குறைய ஒரு கிராம் பாதரசம் இருப்பதாக வைத்துக்கொண்டு நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது 67 கோடி கன மீட்டர் காற்றில் இயல்பாக உள்ள பாதரசத்திற்குச் சமம். அதாவது ஒரு கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் உடைய நிலத்தின்மேல் 667 மீட்டர் உயரம் வரை நிற்கும் காற்று முழுவதிலும் உள்ள பாதரசம், என் கையிலிருந்து நழுவிய அந்தச் சின்னஞ்சிறு குழாய்க்குள் இருந்தது!

ஆவிப் பாதரசம் மழையில் எளிதாகக் கரைவதில்லை. ஆதலால் பல மாதங்கள் காற்றிலேயே மிதந்து, கடல்களையும் கண்டங்களையும் கடந்து செல்கின்றது. ஆலை ஒன்றுகூட இல்லாத துருவப் பகுதிக்கும் அது சென்று சேர்வது இப்படித்தான்.

எந்தப் பனி?

பனி என்றதும் நமக்கு மார்கழி மாதத்து விடியற்காலையும், வத்தல்மலையை மூடும் மூட்டமும் நினைவுக்கு வரும். நம் தமிழில் புல்லின்மேல் நிற்கும் துளிக்கும், கண்ணை மறைக்கும் மூடுபனிக்கும், இமயத்தை மூடும் வெண்பனிக்கும் பனி என்ற ஒரே சொல்தான். இங்கு நான் சொல்வது வெண்பனியை. குளிர் நாடுகளில் அது பஞ்சுபோல் விழுந்து, மாதக்கணக்கில் நிலத்தை மூடிக் கிடந்து, வசந்தத்தில் உருகிவிடும். ஒவ்வோர் ஆண்டும் வந்து போகும் இதனைப் பருவப் பனி எனலாம்.

வெண்பனி வெளியே பார்க்கத் திண்மமாகத் தோன்றினாலும் அதற்குள் எண்ணற்ற துளைகள் உண்டு. துளைகளில் காற்று நிரம்பியிருக்கும். காற்று வீசும்போது பனிக்குள்ளும் காற்று புகுந்து வெளியேறும். மேலும் ஒவ்வொரு பனித்துகளும் நுண்ணிய கிளைகளை உடையதாதலால், உப்பு வேடத்தில் உள்ள பாதரசம் ஒட்டிக்கொள்ள அதில் நிறைய இடம் கிடைக்கின்றது. எனவே பனிப் போர்வை காற்றுக்கு ஒரு மூடி அன்று; காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்தும் ஓர் இடம்.

அலர்ட் என்னும் இடத்தில் கண்ட புதுமை

கனடா நாட்டின் வடகோடியில் அலர்ட் என்றோர் இடம் உண்டு. வட துருவத்திலிருந்து ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. குளிர்காலத்தில் பல மாதங்கள் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. அங்கே வில்லியம் ஷ்ரோடர் என்ற அறிஞரும் அவருடைய துணைவர்களும் காற்றிலுள்ள பாதரசத்தை இடைவிடாமல் அளந்து வந்தார்கள். 1995 ஆம் ஆண்டு வசந்தத்தில், நீண்ட இரவு முடிந்து சூரியன் திரும்பி வந்தபின், அளவுகள் வியப்பாக மாறின. எப்போதும் ஒரே சீராக இருந்த ஆவிப் பாதரசம் திடீரென்று சில மணி நேரத்தில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. பின்பு மீண்டும் வந்தது. இப்படிப் பல முறை நடந்தது. ஷ்ரோடர் குழுவினர் இதனை 1998 ஆம் ஆண்டு உலகிற்கு அறிவித்தார்கள். பிறகு அலாஸ்காவிலும், நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்டிலும், அண்டார்க்டிகாவிலும் இதே நிகழ்ச்சி காணப்பட்டது.

காரணம் என்ன? உறைந்த கடலின் உப்பில் புரோமின் என்ற தனிமம் அடங்கியிருக்கின்றது. வசந்தத்தின் முதல் ஒளி பட்டதும் அது காற்றில் பரவுகின்றது. ஆவிப் பாதரசத்தோடு புரோமின் வினைபுரிந்து அதனை உப்புப் பாதரசமாக மாற்றிவிடுகின்றது. இது நாம் பாடத்தில் படிக்கும் ஆக்சிஜனேற்றமே. எலக்ட்ரான்களை இழப்பது ஆக்சிஜனேற்றம் என்று படித்தோமே, நினைவிருக்கின்றதா? இங்கே ஆக்சிஜனே தேவையில்லை. எலக்ட்ரான்களைப் புரோமின் வாங்கிக்கொள்கின்றது. வேடம் மாறிய பாதரசம் இனிக் காற்றில் மிதக்காது. பனியின்மேல் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

துருவத்தில் மட்டுமல்ல, பனி விழும் எல்லா நாடுகளிலும் இது மெதுவாக நடக்கின்றது. காற்றில் உருவாகும் உப்புப் பாதரசம் பனித்துகள்களோடு சேர்ந்து இறங்குகின்றது.

பகல் ஒளி திறக்கும் கதவு

பனியில் இறங்கிய பாதரசம் அங்கேயே நின்றுவிடுமா? இல்லை. சூரிய ஒளி, அதிலும் புற ஊதாக் கதிர், பனியின் மேல் அடுக்குக்குள் ஊடுருவுகின்றது. அதன் வலிமையால் உப்புப் பாதரசம் தான் இழந்த எலக்ட்ரான்களைத் திரும்பப் பெற்று மறுபடியும் ஆவிப் பாதரசமாகின்றது. இது ஆக்சிஜன் ஒடுக்கம். ஆவியானது பனியின் துளைகள் வழியே மேலே ஏறிக் காற்றில் கலந்துவிடுகின்றது. கனடாவில் நடந்து 2002 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், புதிதாக விழுந்த பனியிலிருந்த பாதரசத்தில் ஏறக்குறைய பாதி 24 மணி நேரத்திற்குள் குறைந்துவிட்டது கண்டறியப்பட்டது. நண்பகலில் மிகுதியாகவும் இரவில் மிகக் குறைவாகவும் இந்த வெளியேற்றம் நடைபெறுகின்றது.

அந்தக் காலத்துப் பாட்டைகளில் வழிப்போக்கர் தங்குவதற்குச் சத்திரங்கள் இருந்தனவாம். இரவு தங்கிவிட்டுப் பொழுது விடிந்ததும் புறப்பட்டுவிடுவார்கள். பாதரசத்திற்குப் பனி அத்தகைய ஒரு சத்திரம்.

ஆயினும் எல்லா வழிப்போக்கரும் புறப்படுவதில்லை. எத்தனை பேர் தங்குவார்கள் என்பது சில காரணங்களைப் பொறுத்தது. முதலாவது, நிழல். அடர்ந்த காட்டில் மரங்களுக்கு அடியில் கிடக்கும் பனியில் ஒளி குறைவு; ஆகவே திறந்த வெளியைக் காட்டிலும் அங்கே பாதரசம் மிகுதியாகத் தங்கும். இரண்டாவது, புதுப்பனி. பழைய பனியின்மேல் புதிய பனி விழுந்து மூடிவிட்டால் அடியில் உள்ளதை ஒளி எட்டாது. மூன்றாவது, உப்பு. கடலோரப் பனியில் உள்ள குளோரைடு பாதரசத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். நான்காவது, காலம். பனி நெடுநாள் வெயிலில் கிடந்தால் பாதரசம் பெரும்பாலும் போய்விடும். விரைவில் உருகிவிட்டால் நீரோடு கலந்துவிடும்.

பனி உருகும்போது

வசந்தத்தில் பனி உருகும்போது முதலில் வழியும் நீரே அதிகமான உப்புகளைச் சுமந்து வரும். பனித்துகள்களின் மேற்புறத்தில் ஒட்டியுள்ளவை முதல் நீரிலேயே கழுவப்பட்டுவிடும் என்பதே காரணம். அரிசி கழுவும்போது முதல் தண்ணீர்தானே மிகவும் கலங்கலாக இருக்கின்றது? அதுபோல்தான். குளிர்காலம் முழுவதும் சேர்ந்ததில் எஞ்சிய பாதரசமும் சில வாரங்களில் ஓடைகளுக்கும் ஏரிகளுக்கும் சென்று சேர்கின்றது.

ஏரியின் அடிச்சேற்றில் பாக்டீரியாக்கள் அதன் ஒரு பகுதியை மெத்தில் பாதரசமாக்குகின்றன. அதை நுண்ணிய மிதவை உயிர்கள் உட்கொள்கின்றன. அவற்றைச் சிறுமீன் தின்கின்றது. சிறுமீனைப் பெருமீன் தின்கின்றது. ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு பெருகுகின்றது. துருவப் பகுதியில் இந்தப் படிக்கட்டின் உச்சியில் சீல்களும் துருவக் கரடிகளும், அவற்றோடு மனிதர்களும் நிற்கின்றார்கள். கிரீன்லாந்திலும் வட கனடாவிலும் வாழும் இன்யூட் மக்கள் சீலையும் திமிங்கிலத்தையும் உணவாகக் கொள்பவர்கள். ஆலையையே காணாத அந்த மக்களின் இரத்தத்தில் பாதரசம் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கண்டிருக்கின்றார்கள். யாரோ எங்கோ எரித்தது, காற்றில் ஏறி, பனியில் தங்கி, மீனில் புகுந்து, ஒரு தாயின் வழியாக அவளது குழந்தையைச் சேர்கின்றது.

இலையும் வாங்கும்

இன்னொரு செய்தியும் உண்டு. அலாஸ்காவின் டூலிக் என்ற இடத்தில் பனியையும் மண்ணையும் காற்றையும் ஈராண்டுகள் அளந்து டேனியல் ஆப்ரிஸ்ட் என்ற அறிஞரின் குழுவினர் 2017 ஆம் ஆண்டு ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்த நிலத்தில் சேரும் பாதரசத்தில் பெரும்பகுதி மழையாலும் பனியாலும் வருவதன்று. ஆவிப் பாதரசத்தை அங்குள்ள குறுஞ்செடிகள் தாமே காற்றிலிருந்து வாங்கிக்கொள்வதால் வருவது என்பதே அது. இலைகள் கரியமில வாயுவை வாங்கும்போது பாதரச ஆவியும் உடன் நுழைந்துவிடுகின்றது. இலை உதிர்ந்து மட்கும்போது அது மண்ணில் சேர்கின்றது. பனி விரைவில் திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. இலையோ வாங்கியதை மண்ணுக்குக் கொடுக்கின்றது. இந்த வேறுபாட்டை மறவாதீர்கள். பனியே இல்லாத நம் நாட்டு மலைகளைப் பற்றி அறிய இது உதவும்.

நம் நாட்டவரும் வடக்கே இருக்கின்றார்கள்

ஸ்வால்பார்டு தீவில் நி-ஆலெசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பு இருக்கின்றது. அங்கே 2008 ஆம் ஆண்டு ஜூலை மாதம் நம் இந்திய நாடு 'ஹிமாத்ரி' என்ற ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. அதன் அருகிலுள்ள செப்பலின் மலை உச்சியில் நார்வே நாட்டவர் காற்றிலுள்ள பாதரசத்தைப் பல ஆண்டுகளாக அளந்து வருகின்றார்கள். நம் இமயமலையும் இதற்கு விலக்கன்று. எவரெஸ்டின் வடபுறத்தில் உள்ள கிழக்கு ரோங்புக் பனியாற்றின் பனியைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தபோது அங்கும் பாதரசம் இருப்பது தெரியவந்தது. உலகின் மிக உயர்ந்த மலைக்கே அது ஏறிச் சென்றிருக்கின்றது!

கொடைக்கானல் சொல்லும் பாடம்

இப்பொழுது நம் தமிழ்நாட்டிற்கு வருவோம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊர் உண்டு. ஒண்டாரியோ ஏரியின் அருகில் உள்ள அவ்வூரில் குளிர்காலந்தோறும் பனி கொட்டும். அங்கே இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலை 1980களின் தொடக்கத்தில் பெயர்த்து எடுக்கப்பட்டு, பழனிமலைத் தொடரிலுள்ள கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. முதலில் பாண்ட்ஸ் நிறுவனத்துக்கும், பின்னர் இந்துஸ்தான் லீவருக்கும் உரியதாக இருந்தது. பனி ஊரிலிருந்து மூடுபனி ஊருக்கு வந்தது எனலாம். அது நின்ற இடத்திற்குக் கீழே பாம்பாறு சோலைக்காடு இருக்கின்றது.

2001 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் குவிந்து கிடப்பதைப் பொதுமக்களும் சுற்றுச்சூழல் தொண்டர்களும் வெளிக்கொணர்ந்தார்கள். அம்மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003 ஆம் ஆண்டு 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவிற்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கு வேலை செய்தவர்கள் தங்கள் உடல் நலம் கெட்டுவிட்டது என்று முறையிட்டார்கள். நிறுவனம் அதை மறுத்தது. நெடுநாள் வழக்கிற்குப் பின் 2016 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது.

கழிவைக் கப்பலில் ஏற்றிவிடலாம். காற்றில் ஏறியதை ஏற்ற முடியுமா? ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடத்து அறிவியலார் கொடைக்கானலின் மரங்களில் படர்ந்திருந்த லைக்கன்களையும் பாசிகளையும் எடுத்து ஆராய்ந்தார்கள். வேர் இல்லாத இவை தமக்கு வேண்டியதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்துமே பெறுகின்றன. ஆகையால் காற்றில் என்ன இருந்தது என்று சாட்சி சொல்லக்கூடியவை. அவற்றில் பாதரசம் இருந்தது. 2006 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தொழிற்சாலைக்கு வடக்கேயுள்ள கொடை ஏரியின் நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருப்பதாகவும், பேரிஜம், கூக்கல் ஏரிகளில் அது மிகக் குறைவாக இருப்பதாகவும் கண்டார்கள். கொடை ஏரியின் சேற்றில் மெத்தில் பாதரசமும், மீன்களில் பாதரசமும் இருந்தன.

கொடைக்கானலில் டிசம்பர், சனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி படியும். ஆனால் நிலத்தை மாதக்கணக்கில் மூடும் வெண்பனி அங்கு இல்லை. துருவத்தில் பனி செய்யும் வாங்கும் வேலையை இங்கே சோலைக்காட்டு இலைகளும் பாசியும் லைக்கனும் மழையும் மூடுபனியும் செய்கின்றன. அங்கே ஏரிச் சேற்றில் நடப்பதே இங்கும் ஏரிச் சேற்றில் நடக்கின்றது. பனிவெளியும் சோலைக்காடும் வெவ்வேறு மொழியில் ஒரே பாடத்தைத்தான் சொல்லுகின்றன.

உலகம் செய்த ஏற்பாடு

ஜப்பான் நாட்டில் மினமாட்டா என்ற கடற்கரை ஊரில் ஒரு தொழிற்சாலை பல ஆண்டுகள் கடலில் விட்ட கழிவால் மீன்களில் மெத்தில் பாதரசம் சேர்ந்தது. மீனை உண்ட பூனைகள் துடித்துச் செத்தன. மனிதர்கள் நடை தடுமாறி, கண் மங்கி, பேச்சுக் குழறி மடிந்தார்கள். 1956 ஆம் ஆண்டு அந்நோய் வெளிப்பட்டது. நலமாகத் தோன்றிய தாய்மாருக்கும் நோயுற்ற குழந்தைகள் பிறந்தன. அவ்வூரின் பெயராலேயே 2013 ஆம் ஆண்டு மினமாட்டா உடன்படிக்கை உருவாயிற்று. 2017 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. 2018 ஜூன் மாதத்தில் நம் நாடும் அதனை ஏற்றுக்கொண்டது. பாதரச வெப்பமானிகளைச் செய்வதையும் நாடு விட்டு நாடு விற்பதையும் முடிவுக்குக் கொண்டுவர அது வழி செய்கின்றது.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் பழைய பாதரச வெப்பமானியோ இரத்த அழுத்தமானியோ உடைந்தால், முதலில் குழந்தைகளை வெளியே அனுப்பிச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மோதிரம், வளையல்களைக் கழற்றி வையுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், பெருக்கினால் மணிகள் இன்னும் சிறிதாகி விரிசல்களில் புகுந்து விரைவாக ஆவியாகும். தடித்த அட்டையால் மெல்லத் தள்ளிச் சேர்த்து, மூடியுள்ள புட்டியில் இட்டு இறுக மூடுங்கள். எடுக்க முடியாத இடுக்குகளில் கந்தகத் தூளைத் தூவலாம்; கந்தகம் பாதரசத்தோடு சேர்ந்து ஆவியாவதைத் தடுக்கும். சாக்கடையிலோ குப்பையிலோ நெருப்பிலோ போடாதீர்கள். எரிந்துபோன குழல் விளக்குகளையும் உடைத்து விளையாடாதீர்கள். அவற்றிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. ரசம் ஏறிய நகையை ஒருபோதும் வீட்டில் சூடாக்காதீர்கள்.

முடிவுரை

இக்கட்டுரையை எழுதி முடித்தபின் ஒரு சனிக்கிழமை அப்பாவுடன் அந்த நகை ஆசாரியின் பட்டறைக்கு மீண்டும் சென்றேன். அது சன்னல் இல்லாத சிறிய அறை. நான் படித்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். "எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் பாப்பா செய்யறோம்" என்றார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தம் கைகளை நீட்டிக் காட்டினார். விரல்கள் மெல்ல நடுங்கின. "வயசாச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

அது வயதால் வந்ததோ வேறு எதனால் வந்ததோ மருத்துவரே சொல்ல வேண்டும். நாளை மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாக அப்பா அவரிடம் சொன்னார்கள்; சொன்னபடியே அழைத்துச் சென்றார்கள். இப்பொழுது அவர் ரசம் ஏறிய நகைகளை வாங்குவதில்லை.

அன்று நான் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்கு விடை தெரியும். அம்மாவின் மோதிரத்திலிருந்து போன பாதரசம் தொலைந்து போகவில்லை. கொஞ்சம் அந்த அறையில் அவருடைய மூச்சில் சேர்ந்தது. மீதி காற்றில் ஏறியது. ஏதோ ஒரு குளிர் நாட்டில் புதுப்பனியில் அது இறங்கியிருக்கலாம். பகல் வந்ததும் மீண்டும் எழுந்திருக்கலாம். அல்லது ஓர் இலையில் தங்கியிருக்கலாம். ஆவியாகிப் போனது என்று நாம் சொல்வதெல்லாம் வேறொருவர் வீட்டை நோக்கிப் போனது என்றே பொருள். அந்த வீட்டிலும் காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு தம்பி இருப்பான் என்பதை, தோழியரே, நாம் மறவாதிருப்போமாக.